நாய் குரைக்கிறதென்று நோட்டீஸ்: வாடகை வீட்டில் இருப்பவர் என்ன செய்யலாம்?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு வயது நாட்டு நாய் ஒன்றைத் தத்தெடுத்து வளர்க்கிறோம். குடிவரும்போது ஹவுஸ் ஓனர் வாய்மொழியாகச் சரி என்றார். ஒப்பந்தத்தில் நாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பகல் முழுக்க நாய் குரைக்கிறது என்று கீழ்வீட்டு ஓய்வுபெற்ற தம்பதி சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் இருக்கும்போது அது அப்படிக் குரைப்பதே இல்லை. 15 நாளில் நாயை அனுப்புங்கள், இல்லையென்றால் காலி செய்யுங்கள் என்று செயலாளர் கடிதம் கொடுத்திருக்கிறார். ஓனரும் இப்போது இழுக்கிறார். சட்டம் யார் பக்கம்?

பதில்: சங்கத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஆனால் இந்த ஒரு வரியோடு பதிலை முடித்துக்கொண்டால், அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் நீங்கள் வீடு தேடிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் சட்டம். குடியிருப்புச் சங்கங்கள் செல்லப்பிராணிகளைத் தடை செய்ய முடியாது, பெரும்பான்மை ஓட்டுப் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினாலும் முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. குரைப்பதைக் காரணம் காட்டித் தடை போடக் கூடாது என்பதும் அதில் உண்டு. அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு ஜெயித்ததாக நினைக்கிறவர்கள், அதே ஆவணத்தின் அடுத்த பகுதியைப் படிப்பதில்லை: விடாமல் குரைப்பது அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை, குறிப்பாக இரவில் நாயை அமைதியாக வைத்திருக்க உரிமையாளர் முயல வேண்டும் என்றும் அது சொல்கிறது.

காலி செய்யச் சொல்லும் விஷயத்தில் சங்கத்துக்கு இடமே இல்லை. உங்கள் ஒப்பந்தம் ஓனரோடு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, ஓனரே நினைத்தாலும் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி நெருக்குவதும் சட்டவிரோதம். ஆனால் அதே சட்டத்தில், வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது வெளியேற்றத்துக்கு ஒரு காரணம். பொதுத் தொல்லை தருவதும் அந்தத் தவறான பயன்பாட்டில் அடங்கும். ஒரு நாய் பகலில் குரைப்பது அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எழுத்தில் வந்த புகாரை மாதக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு நீங்களே வேலையைச் சுலபமாக்கிக் கொடுக்கிறீர்கள். தவிர, ஒப்பந்தக் காலம் முடிந்தபின் புதுப்பிக்க மாட்டேன் என்று ஓனர் சொன்னால் விலங்கு நல வாரியம் உங்களுக்காக வந்து நிற்காது.

ஆக, சட்டம் உங்களுக்கு அவகாசம்தான் வாங்கித் தருகிறது. அதைக் குரைப்பைக் குறைக்கப் பயன்படுத்துங்கள்.

“நாங்கள் இருக்கும்போது குரைப்பதில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். கீழ்வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. இருவரும் வேறு வேறு நேரத்தில் அந்த நாயைக் கேட்கிறீர்கள். பழைய போன் ஒன்றைச் சார்ஜில் போட்டு, வாசற்கதவு தெரியும்படி ஷோகேஸ் மேல் வைத்து, வீடியோவை ஓடவிட்டுவிட்டு வேலைக்குப் போங்கள். இரண்டு மூன்று நாள் போதும்.

பார்க்கும்போது சத்தத்தைவிட நேரத்தைக் கவனியுங்கள். நீங்கள் பூட்டிவிட்டு இறங்கிய சில நிமிடங்களிலேயே ஊளையும் குரைப்புமாகத் தொடங்குகிறதா? கதவைப் பிராண்டுகிறதா, எச்சில் ஒழுகுகிறதா, வெளியே போகப் பழகிய நாய் வாசலருகே சிறுநீர் போகிறதா, நீங்கள் வைத்துவிட்டுப் போன பிஸ்கட்டை மாலைவரை தொடவில்லையா? அப்படியென்றால் அது தனிமைப் பதற்றம். கீழ்ப்படியாமை அல்ல, பயம். மாறாக, பேசாமல் படுத்திருக்கிறது, லிஃப்ட் கதவு சத்தமோ எதிர்வீட்டு காலிங் பெல்லோ கேட்டதும் பாய்ந்து போய் இருபது முப்பது முறை குரைத்துவிட்டுத் திரும்பி வந்து படுக்கிறது என்றால், அது காவல் குரைப்பு. நாட்டு நாய்க்கு இது ரத்தத்திலேயே உண்டு. மூன்றாவது வகை, மதியத்துக்கு மேல் ஒரே சுருதியில் விட்டு விட்டு வருவது: வேலையில்லாத நாயின் சலிப்பு.

காவல் குரைப்புதான் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பாதித் தீர்வு வீட்டு அமைப்பிலேயே இருக்கிறது. பால்கனிக் கதவை மூடுங்கள். தெருநாய்களும் ஸ்கூட்டர்களும் தெரிகிற பால்கனி அதற்குச் சினிமாத் தியேட்டர் மாதிரி. ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு ஒளிபுகும், உருவம் தெரியாத ஸ்டிக்கர் ஒட்டுங்கள். வாசலிலிருந்து தள்ளியிருக்கும் உள்அறையில் ஃபேனை ஓடவிட்டு, ரேடியோவையும் மெல்ல வைத்துப் படுக்கை போடுங்கள். டெலிவரி செயலிகளில் “பெல் அடிக்க வேண்டாம், போன் செய்யவும்” என்று குறிப்பு போட்டுவிடலாம். வார இறுதியில் ஒருவர் வெளியே நின்று பெல்லை அடிக்க, மற்றவர் உள்ளே அதே நொடியில் வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். குரைத்து முடித்த பிறகு அல்ல, பெல் அடித்த நொடியில். இப்படிப் பல நாள் செய்தால், பெல் அடித்ததும் கதவைப் பார்க்காமல் உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கும்.

சலிப்புக்குக் காலை நடை. அதில் பலர் நாயை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். மோப்பம் பிடிக்க விடுங்கள், நாயை அலுக்க வைப்பது அதுதான். கிளம்பும்போது, நடுவில் குழியுள்ள ரப்பர் பொம்மையில் உப்பில்லாத தயிர் சாதத்தை அடைத்து ஃப்ரீஸரில் உறையவைத்துக் கொடுத்தால் வெகுநேரம் நக்கிக்கொண்டிருக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் எதுவும் அதில் கலக்கக் கூடாது. மூன்றும் நாய்க்கு விஷம்.

தனிமைப் பதற்றம்தான் கடினம். சில நொடிகள் வெளியே போய் வருவதில் தொடங்கி, நாய் பதறாத அளவுக்குள்ளேயே அந்த நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். அதுவரை முழு நாளும் தனியே விட்டால் பயிற்சியில் கிடைத்ததெல்லாம் போய்விடும். எனவே ஒருவர் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடிகிற நாட்கள், அருகில் இருக்கும் உறவினர், பகல்நேரக் காப்பகம் என்று ஏதாவது ஏற்பாடு வேண்டும். கடுமையாக இருந்தால் கால்நடை மருத்துவர் மருந்து தருவார். பயிற்சியோடு சேர்ந்துதான் அது வேலை செய்யும். வீட்டில் இருக்கும் மனிதத் தூக்க மாத்திரையைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். துணைக்கு இன்னொரு நாய் வாங்கலாமா என்றும் கேட்பார்கள். அது ஏங்குவது உங்களுக்காக, இன்னொரு நாய்க்காக அல்ல. இரண்டும் சேர்ந்து குரைக்கவும் வாய்ப்புண்டு.

வாயைக் கயிற்றால் கட்டிவிட்டுப் போவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சென்னையில் அதைச் செய்கிறார்கள். நாய் வாயைத் திறந்து இரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. மே மாத மதியத்தில் வாயைக் கட்டுவது கொலைக்குச் சமம். பால்கனியில் நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுவது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மின்அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டையான ஷாக் காலர் பயந்த நாயை இன்னும் பயப்பட வைக்கும்.

இனி மனிதர்கள். செயலாளருக்கு முன்னால் கீழ்வீட்டுக்குப் போங்கள், நாயில்லாமல். “அங்கிள், நாங்க இல்லாதப்போ குரைக்கிறது எங்களுக்குத் தெரியவே இல்ல. வீடியோ எடுத்துப் பார்த்தோம், நீங்க சொன்னது சரிதான். சரிபண்ணிக்கிட்டு இருக்கோம். எந்த நேரத்துல ரொம்பத் தொந்தரவா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க” என்று பேசுங்கள். அவர் மதியம் இரண்டு மணிக்குத் தூங்குகிறவர் என்று தெரிந்தால் அந்த நேரத்துக்கு ஏற்பாடு செய்ய முடியும். சில வீடுகளில் உண்மையான குறை குரைப்பே இல்லை. டைல்ஸ் தரையில் நகம் கீறுவதும் எவர்சில்வர் தட்டை நாய் தள்ளிக்கொண்டே போவதும்தான். ரப்பர் பாயும் அடிகனமான கிண்ணமும் அதைத் தீர்த்துவிடும்.

பிறகு செயலாளருக்கும் ஓனருக்கும் எழுத்தில் பதில். சட்டப் பிரிவுகளை அடுக்க வேண்டாம். புகாரைப் பெற்றோம், இன்னின்ன செய்திருக்கிறோம், ஒரு மாதம் கழித்து மறுபடி பேசலாம் என்று அரைப் பக்கம் போதும். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றையும் மாநகராட்சி உரிமத்தையும் இணையுங்கள். உரிமம் இல்லையென்றால் இன்றே ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். அது இல்லாமல் உரிமை பேசப் போனால் எதிராளி முதலில் அதைத்தான் கேட்பார். நாய்க்கு விஷம் வைப்போம் என்கிற மாதிரி யாராவது மிரட்டினால் மட்டும் சமாதானத்துக்குக் காத்திராமல் போலீசில் புகார் கொடுங்கள். விலங்கைக் கொல்வதும் முடமாக்குவதும், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

கடைசியாக அந்த வாய்மொழிச் சம்மதம். ஓனருக்கு இன்றே ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: “சார், நாங்க குடிவரும்போது நாய் வளர்க்க நீங்க சம்மதிச்சீங்க, அதுக்கு நன்றி. புகார் விஷயமா இப்ப இதெல்லாம் செய்யறோம்.” அவர் ‘சரி’ என்று பதில் போட்டாலே அது பதிவுதான். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, ஒரு நாய் வளர்க்க அனுமதி உண்டு, அதனால் வீட்டுக்கு ஏற்படும் சேதத்தை வாடகைதாரர் ஈடுகட்டுவார் என்று ஒரு ஷரத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஓனரின் தயக்கம் பெரும்பாலும் கதவுக் கீறலையும் பெயிண்டையும் பற்றியதாகத்தான் இருக்கும். அந்த இரண்டாவது பாதியை நீங்களே முன்வந்து சொன்னால் அவர் கையெழுத்துப் போட வாய்ப்பு அதிகம்.