மெக்கானிக் பதில்கள்: குமுளி ஏற்றத்தில் சூடாகும் மாருதி

கேள்வி: அண்ணே, எங்கள் வீட்டில் 2003 மாடல் மாருதி 800 இருக்கிறது. அப்பா ஆசையாக வாங்கிய வண்டி. அக்காவைக் குமுளியில் கட்டிக்கொடுத்திருப்பதால் மாதம் ஒரு தடவையாவது மலை ஏறுவோம். கொஞ்ச நாளாக லோயர் கேம்ப் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேலே போகிறது. ஒவ்வொரு தடவையும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றித்தான் கிளம்புகிறோம். வண்டிக்கு வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். கூலன்ட் ஊற்றினால் சரியாகுமா?
— கூடலூர் வாசகி

பதில்: அம்மா, பெட்ரோல்தான் எரிந்து தீரும். இன்ஜின் சூட்டைத் தணிக்கச் சுற்றும் கூலன்ட் தீராது. இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மூடிய பாதையில் அதே தண்ணீர்தான் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மாதம் அரை லிட்டர் குறைகிறது என்றால் அது எங்கேயோ வெளியே போகிறது. எங்கே போகிறது என்று பார்க்காமல் எதை ஊற்றினாலும் அடுத்த மாதம் மறுபடி ஊற்ற வேண்டியதுதான்.

முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். என் பட்டறைக்கு "சூடாகிறது" என்று வரும் பழைய வண்டிகளில் நான் முதலில் கை வைப்பது அதில்தான். பார்க்கச் சின்னதாக இருந்தாலும் அதற்குள் ஸ்பிரிங்கும் ரப்பரும் வைத்த இரண்டு வால்வுகள் இருக்கின்றன. ஒன்று உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். இன்னொன்று, பக்கத்து பிளாஸ்டிக் டேங்குக்குப் போன தண்ணீரை இன்ஜின் ஆறும்போது திரும்ப இழுத்துக்கொள்ளும். மூடியின் தலையில் 0.9 என்றோ 1.1 என்றோ எழுதியிருக்கும். அது பிடிக்க வேண்டிய அழுத்தம்.

இந்த அழுத்தம் மலைப்பாதையில் ரொம்ப முக்கியம். நம் கம்பத்துக்கும் குமுளிக்கும் ஏறக்குறைய 500 மீட்டர் உயர வித்தியாசம். குமுளியில் அடுப்பில் வைத்த தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி சரியாக இருந்தால் ரேடியேட்டருக்குள் வெறும் தண்ணீர்கூட 115 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் 120-க்கும் மேலே. ரப்பர் காய்ந்து வெடித்த மூடியைப் போட்டுக்கொண்டு இரண்டாவது கியரில் ஏறினால் இந்தப் பாதுகாப்பு மொத்தமும் போய்விடும். உங்கள் மூடியின் ரப்பர் கெட்டியாகியிருந்தால் அதே எண் போட்ட புது மூடி வாங்குங்கள். பெரிய செலவில்லை.

மூடி நன்றாக இருந்தால் அடுத்து கசிவு. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்து, காலையில் எங்கே ஈரம் என்று பாருங்கள். ரேடியேட்டரின் ரப்பர் குழாய்களான ஓஸ் இரண்டையும் கையால் அமுக்கிப் பாருங்கள். நொறுநொறுவென்றோ கொழகொழவென்றோ இருந்தால் ஓஸையும் கிளிப்பையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதன் வழியாகச் சொட்டினால் பம்ப் சீல் போய்விட்டது என்று அர்த்தம். வண்டிக்குள் காலடி மிதியடி ஈரமாகி இனிப்பு வாடை வந்தால் ஹீட்டர் பெட்டியில் கசிகிறது.

வெளியே எங்கேயும் ஈரமே இல்லை, ஆனாலும் குறைகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும். இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். விடாமல் குமிழி வந்தால், இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்க வைத்திருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். சூடேறிய பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலும் அதே சந்தேகம்தான். இன்ஜின் ஆயில் மூடியின் உள்பக்கம் பால் காப்பி மாதிரி இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். குளிர் காலத்தில் பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓடும் வண்டியிலும் மூடியில் கொஞ்சம் அப்படிப் படியும் என்பதால், ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை இழுத்து ஆயிலையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கசிவை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடச் சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். நடுக்காட்டில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் போய் அடைத்துக்கொள்ளும். வந்த கையோடு கழுவிவிட வேண்டும்.

இவ்வளவும் சரிசெய்த பிறகு கூலன்ட். போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே உப்பும் துருவும் படிந்திருக்கும். பழைய தண்ணீரை வடித்து, வெளியே வருவது தெளியும்வரை நல்ல தண்ணீர் விட்டு அலசச் சொல்லுங்கள். பழைய ரேடியேட்டரில் கடுமையான கெமிக்கல் வேண்டாம். துருவால் அடைபட்டிருந்த ஊசி ஓட்டை எல்லாம் திறந்துகொள்ளும். அப்புறம், பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். டப்பாவில் 'ரெடி டு யூஸ்' என்று இருந்தால் ஏற்கெனவே கலந்தது, அதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. வெறும் கூலன்ட்டையே ஊற்றினால் இன்னும் குளிருமே என்று நினைக்காதீர்கள். சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டி. கொதிநிலையை ஏற்றுவதும் துருவைத் தடுப்பதும் கூலன்ட்டின் வேலை.

வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்துவிடுங்கள். வேர்க்கும், ஆனால் அது இன்னொரு குட்டி ரேடியேட்டர் மாதிரி வேலை செய்யும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரம்கட்டி அணைத்துவிட்டு அரை மணி நேரமாவது காத்திருங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரும் ஊற்றாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கையாளாக வேலை பார்த்த காலத்தில், ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிய ஒரு ஜீப் கம்பம்மெட்டு ஏற்றத்தில் கொதித்து நின்றது. நேரமானால் அவர்களுக்கு அரை நாள் கூலி போய்விடுமே என்று ஓடைத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வந்து அப்படியே ஊற்றினேன். 'டப்' என்று ஒரு சத்தம். ஹெட் வெடித்துவிட்டது. அந்தப் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு இறங்கித் திரும்பி நடந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. உங்கள் மாருதியின் ஹெட் அலுமினியம், சூட்டில் சீக்கிரம் வளையும். ஆறும்வரை காத்திருப்பதைவிட வளைந்த ஹெட்டைச் சமப்படுத்த லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோவது பல மடங்கு செலவு.

கேள்வி: என் பழைய ஆம்னி சூடானபோது மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டார். இப்போது முள் ஏறுவதே இல்லை. அப்படியே விடலாமா?
— வண்டிப்பெரியாறு வாசகர்

பதில்: விடாதீர்கள். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் நிறுத்தி, 80 டிகிரியைத் தாண்டும்போது திறந்துவிடுவது அந்த வால்வுதான். அது இல்லாவிட்டால் உங்கள் ஊர்க் குளிரில் இன்ஜின் சூடு பிடிக்கவே ரொம்ப நேரமாகும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். பழைய வால்வு திறக்காமல் மாட்டிக்கொண்டிருந்தால் புதிது போட்டிருக்க வேண்டும். கழற்றி எறிவது எங்கள் தொழிலில் ஊறிப்போன ஒரு தப்பு. வாங்கியதும் கொதிக்கும் தண்ணீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: வண்டியில் பச்சைக் கூலன்ட் இருக்கிறது. கடையில் சிவப்புதான் கிடைத்தது. கலக்கலாமா?
— உத்தமபாளையம் வாசகர்

பதில்: நிறம் சாயம்தான். ஒரு கம்பெனியின் பச்சையும் இன்னொரு கம்பெனியின் பச்சையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. உள்ளே இருக்கும் துருத் தடுப்பு மருந்து வகை வேறானால் ஒன்றை ஒன்று கெடுத்து, சில சமயம் கூழ் மாதிரி திரிந்துவிடும். அவசரத்துக்கு டிஸ்டில்ட் வாட்டர் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள். பிறகு மொத்தமாக வடித்து, வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையை ஊற்றுங்கள். பழைய வகைக் கூலன்ட் இரண்டு வருஷம் தாங்கும். 'லாங் லைஃப்' என்பது ஐந்து வருஷம்வரை போகும். ஊற்றிய தேதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானட்டுக்கு உள்ளே ஒட்டிவையுங்கள்.

கேள்வி: வடித்த கூலன்ட்டைச் சாக்கடையில் கொட்டலாமா?
— கம்பம் வாசகர்

பதில்: வேண்டாம். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். நாயும் பூனையும் நக்கினால் கிட்னி போய்ச் சாகும். நம் தெருவில் ஆடு மாடும் அதே சாக்கடையோரம்தான் மேய்கிறது. கேனில் பிடித்து இறுக மூடி, 'விஷம்' என்று எழுதி, கழிவு ஆயில் சேர்த்து வைக்கும் பட்டறையில் கேட்டுக் கொடுங்கள். ஆயிலோடு கலந்துவிடாமல் தனிக் கேனாகவே கொடுங்கள். தரையில் சிந்தியதை மண்ணோ மரத்தூளோ போட்டு உறிஞ்சி அள்ளிவிட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்; அதுவரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.