வார்டு எல்லை பிடிஎஃப்பில் இருக்கிறது, ஃபைல் எங்கே வாங்குவது?

கேள்வி: வியாசர்பாடிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் புவியியல் நடத்துகிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, கல்லூரியைச் சுற்றியுள்ள மூன்று வார்டுகளில் மழைநீர் வடிகால் எங்கெங்கே போகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று மாணவர்களை வைத்து வரைபடம் போட்டு மண்டல அலுவலகத்தில் கொடுக்க நினைக்கிறோம். வார்டு எல்லை பிடிஎஃப்பாகத்தான் கிடைத்தது. வரைபட மென்பொருளில் நேரடியாக ஏற்றக்கூடிய ஃபைல் எங்கே வாங்குவது? கூகுள் மேப்பைப் பார்த்து வரையலாமா? மேடு பள்ளத்துக்கான அளவை எங்கே எடுப்பது? கல்லூரி வளாகத்தையும் வரைந்து பொதுவில் போடலாமா?

பதில்: கூகுள் மேப்பைப் பார்த்து வரையாதீர்கள். வழி தேடுவதற்கு அது போதும். ஆனால் அதிலிருந்து தெருவையும் கட்டடத்தையும் நகலெடுத்து இன்னொரு தரவுத்தளம் உண்டாக்க அதன் விதிமுறைகள் இடம் தரவில்லை. உங்களுக்கு அடித்தளமாக ஓபன்ஸ்ட்ரீட்மேப் இருக்கட்டும். 2004இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் யாரும் வரையலாம், யாரும் தரவை இறக்கிக்கொள்ளலாம். 2015 வெள்ளத்தின்போது எந்தெந்தத் தெரு மூழ்கியது என்று சென்னைக்காரர்களே குறித்துக்கொண்ட படம் இதன்மேல்தான் எழுந்தது. நிபந்தனை இரண்டு: மூலத்தைக் குறிப்பிட வேண்டும், அதன் தரவோடு உங்கள் தரவைக் கலந்து புதிய தரவுத்தளமாக வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும். அதனால் வடிகால் தகவலை அடித்தளப் படத்தோடு கலக்காமல் தனி லேயராகவே (அடுக்காகவே) வைத்திருங்கள். பின்னால் எதை எந்த உரிமத்தில் கொடுப்பது என்று முடிவெடுக்கும்போது கை கட்டப்படாது.

அடுத்து வார்டு எல்லை. பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது 155 வார்டுகள் 200 ஆயின. திருவொற்றியூர், மணலி, மாதவரமெல்லாம் உள்ளே வந்தது அப்போதுதான். அதன் பிறகும் 2022 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்பு ஒரு மறுவரையறை நடந்தது. ஆனால் இணையத்தில் சுற்றும் 'சென்னை வார்டு' ஃபைல்களில் பழைய 155 வார்டு ஃபைல்களும் கலந்து கிடக்கின்றன. இறக்கிய ஃபைலில் எத்தனை வார்டு இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வார்டு வாரியாக வரும் மக்கள்தொகையும் பழைய எல்லைக்கு உரியது. அதில் வரும் 46 லட்சம் சொச்சம் பேர் பழைய 174 சதுர கிலோமீட்டருக்குள் இருந்தவர்கள். அந்த எண்ணைத் தூக்கி இன்றைய வார்டில் போட்டு, 'இத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள்' என்று எழுதினால், மண்டல அலுவலகத்தில் விவரம் தெரிந்த ஒருவர் முதல் பக்கத்திலேயே மனுவை மூடிவிடுவார்.

சரியான ஃபைலுக்கு, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கான கெடு 30 நாள். 'வார்டு வரைபடம் வேண்டும்' என்று மட்டும் எழுதினால் மறுபடியும் பிடிஎஃப்தான் வரும், இல்லாவிட்டால் ஜெராக்ஸ். 'ஷேப் ஃபைல் அல்லது கேஎம்எல் வடிவில், மின்னணு முறையில்' என்று எழுதுங்கள்; இரண்டும் வரைபட மென்பொருள் நேரடியாகத் திறக்கும் ஃபைல் வகைகள். மின்னணு வடிவில் பெறும் உரிமை சட்டத்தின் 2(ஜே) பிரிவிலேயே இருக்கிறது. கேட்ட வடிவிலேயே தர வேண்டும் என்பதை 7(9) பிரிவு பொது விதியாகச் சொல்கிறது. அலுவலகத்தின் நேரத்தையும் ஆளையும் அளவுக்கு மீறி இழுக்கும், அல்லது ஆவணத்தின் பாதுகாப்புக்குக் கேடாகும் என்றால்தான் விலக்கு. ஏற்கெனவே கணினியில் இருக்கும் ஃபைலுக்கு அந்த விலக்கைச் சொல்வது கடினம்.

அதுவரை பிடிஎஃப்பைக் கியூஜிஐஎஸ்ஸில் இடங்குறித்து ஏற்றி வேலையைத் தொடங்கலாம். அது இலவச வரைபட மென்பொருள். படத்திலும் தரையிலும் ஐயமில்லாமல் தெரியும் புள்ளிகளாக ஆறு ஏழு எடுங்கள்: பாலத்தின் முனை, ரயில் பாதை சாலையைக் கடக்கும் இடம், பெரிய சாலைச் சந்திப்பு. நான்கு மூலைக்கும் பரவலாக இருக்கட்டும். ஒரே மூலையில் குவித்தால் எதிர்மூலை இழுபட்டுப்போகும். வார்டு எல்லை பெரும்பாலும் சாலையின் நடுவில் ஓடும். பத்து மீட்டர் பிசகினால் தெருவின் ஒரு பக்கத்து வீடுகள் முழுக்க அடுத்த கவுன்சிலர் கணக்கில் போய்விடும். எல்லைத் தெருக்களை மட்டுமாவது வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வடிகால் நீளத்தைக் கணக்கிடும்போது அளவை மீட்டரில் தரும் யூடிஎம் ஆயமுறையில், சென்னை அடங்கும் 44 வடக்கு வலயத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டிகிரியில் வரும் நீளத்தை எந்தப் பொறியாளரும் படிக்க மாட்டார்.

களத்துக்குப் போகும் மாணவர்களின் படிவத்தில் நான் கட்டாயமாக்குவது 'யாருடையது' என்ற கட்டம். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீர் மேன்ஹோல் மெட்ரோ வாட்டருடையது. பக்கிங்காம் கால்வாய் நீர்வளத் துறையிடம். தண்டவாளத்துக்கு அடியில் போகும் மதகு ரயில்வே நிலத்தில். வடசென்னையில் ஒரே தெருமுனையில் இந்த நான்கும் சந்திக்கும் இடங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நீலக் கோடாகப் போட்டுக் கொடுத்தால் 'இது எங்களுடையது இல்லை சார்' என்ற பதில் தயாராக இருக்கும். மூடி யாருடையது என்று தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே பதியட்டும், ஊகிக்க வேண்டாம். சந்துக்குள் போனால் செல்போன் ஜிபிஎஸ் தடுமாறும். அங்கே ஜிபிஎஸ் புள்ளியை நம்புவதைவிட, 'இந்தக் கதவு எண்ணுக்கு எதிரே' என்று எழுதிவந்து வரைபடத்தில் கையால் வைப்பது மேல். கதவு எண்ணில் பழையது, புதியது இரண்டையும் குறிக்கச் சொல்லுங்கள்.

மேடு பள்ளம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். பலரும் எடுப்பது 2000 பிப்ரவரியில் நாசா விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு. 30 மீட்டருக்கு ஒரு கட்டம். உயரத்தில் 16 மீட்டர் வரை பிழை இருக்கலாம் என்ற வரையறையோடு திட்டமிட்ட அளவீடு. நடைமுறையில் பிழை அதைவிடக் குறைவுதான். என்றாலும் முழங்கால் தண்ணீருக்கும் இடுப்பளவு தண்ணீருக்கும் வித்தியாசம் அரை மீட்டர்கூட இல்லாத ஊரில் அதை வைத்து என்ன செய்வது? நெருக்கமாக வீடுகள் உள்ள இடத்தில் ரேடார் தரையையும் கூரையையும் கலந்துதான் படித்திருக்கும். பெரிய மழை வந்தால் முதலில் நிரம்பும் கணேசபுரம் சுரங்கப்பாதை அந்தத் தரவில் பள்ளமாகத் தெரியாது.

பக்கத்துப் பாலிடெக்னிக்கில் மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியும் அதோடு வைத்துப் படிக்கும் ஸ்டாஃப் என்ற அளவுகோலும் இருக்கும். சிவில் மாணவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொள்ளுங்கள். அசையாத ஒரு புள்ளியை, உதாரணமாகப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை, ஆதாரமாக வைத்து அங்கிருந்து தெருமுனை தெருமுனையாக மட்டம் எடுக்கலாம். கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு என்பது உங்களுக்குத் தேவையில்லை. எந்த முனை எதைவிடத் தாழ்வு என்பது போதும். கூடவே 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் எதுவரை நின்றது என்று வீட்டுக்காரர்களைக் கேட்டுச் சுவரில் அவர்கள் காட்டும் இடத்தை டேப்பால் அளந்துவாருங்கள். சுவரில் கறை இன்னும் இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் ஒவ்வொரு அரசு ஃபைலின் அசலையும், வந்த தேதியோடும் கூடவந்த கடிதத்தோடும் திருத்தாமல் தனியாக வையுங்கள். இதன் அருமை எண்ணூர்க்காரர்களுக்குத் தெரியும். 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல மேலாண்மைப் படத்தில் இருந்த எண்ணூர்க் கழிமுகம், பிற்பாடு தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைத்த ஒரு படத்தில் இல்லாமல் போயிருந்தது. பழைய படம் கையில் இருந்ததால்தான் கேள்வியே கேட்க முடிந்தது.

வளாக வரைபடத்துக்குத் தயங்க வேண்டாம், முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள். 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் புவியியல் தரவு வழிகாட்டுதலுக்குப் பிறகு, இந்தியர்கள் வரைபடம் தயாரித்து வெளியிட முன்அனுமதி கேட்டு நிற்கத் தேவையில்லை. பாதுகாப்பு காரணமாகக் குறிக்கக்கூடாத விவரங்களுக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு உண்டு. துறைமுகப் பக்கம் வரையப் போனால் அதைப் படித்துவிட்டுப் போங்கள். வளாகத்தில் வாசல், கட்டடப் பெயர், சாய்தளம், குடிநீர், கழிப்பறை, மரம் எல்லாம் போடலாம். பெண்கள் விடுதியின் உள்ளமைப்பு, கண்காணிப்புக் கேமரா நிற்கும் இடம் வேண்டாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயருக்குத் தனிப் புலம் இருக்கிறது. அதை நிரப்பாமல் விடாதீர்கள்; வெளியூரிலிருந்து சேர்க்கைக்கு வரும் பெற்றோருக்கு அதுதான் பயன்படும்.

மண்டல அலுவலகத்துக்கு ஏ3 தாளில் வார்டுக்கு ஒரு படமாக அச்செடுத்துக் கொண்டுபோங்கள், ஃபைலைப் பென் டிரைவில் கூட வையுங்கள். உதவிப் பொறியாளர் களத்துக்கு எடுத்துப்போவது தாளைத்தான். இன்னொரு பிரதியில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.