சிபிகே 3,800 என்றால் தசை கரைந்துவிடுமா?

ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துப் பயந்து இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கரையாது. சிபிகே என்பது தசைச் செல்லுக்குள் இருக்கும் ஒரு நொதி; தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும். ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே ஸ்குவாட்டும் புல்-அப்பும் அளவில்லாமல் எடுத்து, மூன்றாம் நாள் உடம்பெல்லாம் வலிக்கும்போது ரத்தம் கொடுத்தால் இப்படித்தான் வரும். உங்களுக்கு 26 வயது, ஈசிஜியும், இதயத் தசை அடிபட்டதைக் காட்டும் ட்ரோபோனின் சோதனையும் சரி. இதயப் பேச்சை விட்டுவிடுங்கள். கல்லீரல் சோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி நொதி தசையிலும் உண்டு. கல்லீரல் நொதியான ஜிஜிடி சரியாக இருக்கும்போது கல்லீரலைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இணையத்தில் படித்த ஒரு வரி: 'சிபிகே கூடினால் ஏடிபியை எல்லாம் தின்று தீர்த்துவிடும்.' ஏடிபி என்றால் செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் எரிபொருள். சிபிகேக்கு அதைத் தின்று தீர்க்கும் சக்தி கிடையாது. சிபிகே நடத்துவது இருவழி வினை. பளு தூக்கும் முதல் பத்து விநாடியில் ஏடிபி வேகமாகச் செலவாகும். அப்போது தசையில் சேமிப்பாக இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து அதை ஈடுகட்டும். செட் முடிந்து உட்கார்ந்ததும் அதே நொதி அதே வினையை எதிர்த்திசையில் நடத்த, சில நிமிடங்களில் கிரியேட்டின் பாஸ்பேட் மறுபடி சேர்ந்துவிடும். திசையைத் தீர்மானிப்பது இரு பக்கமும் உள்ள பொருள்களின் அளவு. நொதி இரு திசை வேகத்தையும் ஒரே மடங்கு கூட்டும், அவ்வளவுதான். பத்து மடங்கு நொதி சேர்த்தாலும் வினை அதே சமநிலையில்தான் வந்து நிற்கும், சற்றுச் சீக்கிரமாக.

உங்கள் ரத்தத்தைச் சோதித்த லேபிலும் இதே கதைதான். கிரியேட்டின் பாஸ்பேட்டையும், ஒரு பாஸ்பேட்டை இழந்த ஏடிபியையும் ஏராளமாகப் போட்டு, உருவாகும் ஏடிபியை அடுத்த வினை உடனுக்குடன் எடுத்துக்கொள்ளும்படி வைப்பார்கள். அதனால் வினை ஒரே பக்கம் ஓடும்; அந்த வேகத்தை 340 நானோமீட்டர் ஒளியில் அளந்து எழுதியதுதான் 3,800. உங்கள் உடம்பில் ரத்தத்தில் கசிந்த சிபிகேக்கோ அந்த ரத்தத்தில் வேலையே இல்லை, அதற்கு வேண்டிய பொருள்கள் செல்லுக்குள் அல்லவா இருக்கின்றன! ஓய்வெடுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 40 சதவீதம் தானாகக் குறையும். ஆன்லைனில் வாங்கிய 'என்சைம் பேலன்ஸ்' பவுடரைக் குப்பையில் போடுங்கள்.

கவனிக்க வேண்டியது சிறுநீரின் நிறம். அதை நீங்கள் கடிதத்தில் எழுதவே இல்லை. தசை அதிகம் சிதைந்தால் மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் கசிந்து சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, அளவு குறைந்தாலோ, தொடை வீங்கிக் கல்லாக இறுகினாலோ, கையைத் தூக்க முடியாத பலவீனம் இருந்தாலோ அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தண்ணீர் குடித்துப் பார்க்கலாம் என்று வீட்டில் உட்காராதீர்கள். அங்கே சலைன் ஏற்றி, பொட்டாசியத்தைப் பார்ப்பார்கள். இதயத்துடிப்பைத் தடுமாற வைப்பது ஏறும் பொட்டாசியம்தான். சிறுநீரில் முக்கிப் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ரத்தம் என்று காட்டி, மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு இல்லாவிட்டால் பெரும்பாலும் மயோகுளோபின்.

இந்த அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் சிறுநீர், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் மூன்றையும் இன்றே பார்த்துவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி நாளுக்கு இரண்டாக விழுங்கும் டைக்ளோஃபெனாக்கை இப்போதே நிறுத்துங்கள். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தை அது குறைக்கும். இந்த நேரத்தில் செய்யவே கூடாத காரியம். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

ஜிம்முக்கு விடுமுறை. மூன்று நாள் கழித்து சிபிகேயை மறுபடி பாருங்கள், இறங்கியிருக்கும். மூன்று வார ஓய்வுக்குப் பிறகும் கூடுதலாகவே நின்றால் தைராய்டையும், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளையும் பார்க்க வேண்டும். சீட்டுகளோடு நேரில் ஒரு மருத்துவரிடம் போங்கள்.