“புரிந்ததா?” என்று கேட்டால் மௌனம்தான் பதில்

ஸூம் வகுப்பில் “புரிந்ததா?” என்றால் மாணவர்கள் யாரும் வாய் திறப்பதில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள், ஐயா. அந்தக் கேள்விக்குப் பதிலாக, எல்லாரும் எழுதியே ஆகவேண்டிய கேள்வியைக் கேளுங்கள். உரையாடல் பெட்டியில் விடையைத் தட்டச்சு செய்யட்டும். நீங்கள் “இப்போது” என்னும்வரை யாரும் அனுப்பக் கூடாது. பிறரைப் பார்த்து எழுத வழியில்லை, தனியாக மாட்டிக்கொள்ளும் பயமும் இல்லை.

உங்கள் உயர்நிலை இரண்டு மாணவர்கள் ஸூமில் கேமராவை அணைத்துவிட்டு மௌனமாக இருப்பது அக்கறையின்மை அல்ல என்றே நினைக்கிறேன். அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் தம்பிக்கும் அதே நேரம் பாடம். பின்னால் பாட்டியின் தொலைக்காட்சி. அங்கே வாய்விட்டுப் பேச யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று அடுத்த வகுப்பில் கவனியுங்கள். வகுப்பறையிலேயே 3 வினாடியாவது பொறுத்தால் விடைகள் நீள்கின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ ஆய்ந்து காட்டினார். இணையத்தில் பத்துவரை எண்ணுங்கள்.

தமிழ்த் தட்டச்சு வராத பிள்ளைகள் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பட்டும். கேமராவைப் போடும்படி மட்டும் வற்புறுத்தாதீர்கள்.