வீட்டு உதவிக்கு ஆள் தேடும் தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கல்யாணம் முடித்து ஜேர்மனிக்கு வந்து மூன்று வருசம். கணவருக்கு முள்ளந்தண்டில் கட்டி எடுத்த பிறகு கால் இரண்டும் வேலை செய்யவில்லை. இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை. வீடு துடைக்க, உடுப்புத் தோய்க்க, கடைக்குப் போகக் கிழமைக்கு ஒருக்கால் ஒருவர் வந்தாலே போதும் என்கிறீர்கள். கேட்ட இடத்தில் மணிக்கு 20 யூரோ, கையில் காசு, பதிவு ஒன்றும் இல்லை என்றிருக்கிறார்கள். சோசியல் உதவி கேட்டால் விசாவுக்குப் பிரச்சினை வரும் என்று சொந்தக்காரர் வேறு பயப்படுத்தியிருக்கிறார். இதைவிட மலிவாக ஆள் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறீர்கள்.

ஆளைத் தேடுவதற்கு முன்னால் கணவருக்குப் பிளேகெகிராட் எடுங்கள். பராமரிப்புத் தேவையின் படிநிலை அது, 1 முதல் 5 வரை இருக்கிறது. அது கையில் இருந்தால்தான் வீட்டு உதவிக்கு யார் காசு கட்டுவது என்ற கேள்விக்கே பதில் வரும்.

முதலில் அந்தப் பயத்தைப் பேசி முடிப்போம். உங்கள் கணவரின் பழைய சம்பளச் சீட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதில் பிளேகெபெர்சிஷெருங் என்று ஒரு வரி இருக்கும். 1995 முதல் இந்த நாட்டில் இருக்கிற பராமரிப்புக் காப்புறுதி அது. மாதா மாதம் அவருடைய உழைப்பிலிருந்து கழித்திருக்கிறார்கள். அதற்காகக் கிடைக்கிற காசு சோசியல் காசு இல்லை. தங்கள் செலவைத் தாங்களே பார்க்கிறார்களா என்று விசாச் சட்டம் பார்க்கும்போது, இப்படி நாங்கள் கட்டிய காப்புறுதியால் வருகிற பணத்தை எங்களுக்கு எதிராகக் கணக்கில் எடுப்பதில்லை. சோசியல் கந்தோர் தருகிற பராமரிப்பு உதவி வேறு. அது வரிப்பணம். அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் முதலில் காரித்தாஸ், டியக்கோனி, ஆவோ போன்ற தொண்டு நிறுவனங்கள் நடத்தும் குடிவரவாளர் ஆலோசனையில் உங்கள் விசாவைக் காட்டிக் கேளுங்கள். அது இலவசம்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. விண்ணப்பிப்பதற்கு முந்தைய பத்து வருசத்தில் இரண்டு வருசமாவது காப்புறுதியில் இருந்திருக்க வேண்டும். உங்கள் கணவர் ஒன்பது வருசம் இங்கே வேலை செய்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அவருக்கு அது தடை இல்லை. நிலைமை ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீடிக்கும் என்றும் இருக்க வேண்டும். அதையும் நான் சொல்லத் தேவையில்லை.

விண்ணப்பித்த பிறகு வீட்டுக்கு ஒரு மதிப்பீட்டாளர் வருவார். தங்கச்சி, அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் எங்கள் வீட்டில் எல்லாம் பிழையாய்ப் போனது. அதைக் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன்.

2018 இல் என் மனுசனுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மதிப்பீட்டாளர் வரப்போகிறார் என்றதும் நான் விடிய ஐந்து மணிக்கே எழும்பி வீட்டைக் கூட்டித் துடைத்தேன். அவருக்குச் சவரம் எடுத்து, தலை இழுத்து, ஸ்திரிக்கை போட்ட வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். பொத்தான் ஏழையும் பூட்டியது நான். வந்த பெண் நல்ல மாதிரித்தான் கதைத்தார். "சட்டையை நீங்களே போடுவீர்களா?" என்று கேட்டார். ஊரில் வாத்தியாராய் இருந்த மனுசன், பிற மனுசிக்கு முன்னால் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "ஓம்" என்றார். கழிவறைக்குப் போவீர்களா, ஓம். சாப்பாட்டை வெட்டிச் சாப்பிடுவீர்களா, ஓம். பக்கத்தில் நின்ற நான் அவரின் மரியாதையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து வாயே திறக்கவில்லை. ஆறு கிழமைக்குள் கடிதம் வந்தது: பிளேகெகிராட் 1. அந்தப் படியில் மாதாந்தப் பராமரிப்புப் பணமே கிடையாது. எதிர்த்து எழுத ஒரு மாதம் தவணை இருக்கிறது என்று அதே கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. நான் அதை லாச்சிக்குள் வைத்துவிட்டேன். அடுத்த ஒன்றரை வருசம் அவரைத் தனியாகத் தூக்கித் தூக்கி என் முதுகும் போனது.

இரண்டாம் தரம் விண்ணப்பித்தபோது ஒரு கொப்பி வாங்கி இரண்டு கிழமை எழுதினேன். காலை 6.40, கட்டிலால் எழுப்பி இருத்த 15 நிமிடம். 7.05, கழுவித் துடைக்க 25 நிமிடம். இரவு 2.10, படுக்கை நனைந்து விரிப்பு மாற்றியது. இப்படியே. அந்தக் கொப்பியை மேசையில் வைத்தேன். மனுசனுக்குச் சங்கடமான விசயங்களை மதிப்பீட்டாளரிடம் குசினியில் தனியாகச் சொல்ல அனுமதி கேட்டேன், அவர் உடனே எழும்பி வந்தார். அன்றைக்குக் கிடைத்தது பிளேகெகிராட் 3. அதே மனுசன், அதே வீடு.

ஆகவே அன்றைக்கு வீட்டைத் துப்புரவாக்க வேண்டாம். கணவர் வழமையாக அந்த நேரத்தில் எப்படி இருப்பாரோ அப்படியே இருக்கட்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற யார் பிடிக்க வேண்டும், சிறுநீர்க் குழாயை யார் பார்க்கிறார்கள், மலம் போக வைப்பது எப்படி, புண் வராமல் இரவில் எத்தனை தரம் திருப்பிப் படுக்க வைக்கிறீர்கள் என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லுங்கள். புள்ளி போட்டுத்தான் படியை முடிவு செய்வார்கள். அதில் கழுவல், உடுப்பு, சாப்பாடு, கழிவறை என்ற பகுதிக்குத்தான் 40 வீதம் எடை, எல்லாவற்றிலும் பெரியது அதுதான். வீடு துடைப்பது, சமைப்பது, கடைக்குப் போவது கஷ்டம் என்று எவ்வளவு சொன்னாலும் புள்ளி ஏறாது. இதைத் தெரியாமல் எங்கள் ஆட்கள் பலர் வீட்டு வேலையைப் பற்றியே சொல்லிக்கொண்டிருப்பார்கள். 47.5 புள்ளி வந்தால் படி 3, எழுபது வந்தால் 4. குறைவாகத் தந்தால் விடர்ஸ்புருக் என்கிற எதிர்ப்புக் கடிதம் எழுதுங்கள், ஒரு மாதத்துக்குள். ஃபவுடேகா என்கிற சமூகச் சங்கத்தில் சேர்ந்தால் அதை எழுத அவர்கள் உதவுவார்கள்.

இப்போது காசுக்கு வருவோம். எல்லாப் படியினருக்கும் மாதம் 131 யூரோ உதவித்தொகை உண்டு, என்ட்லாஸ்டுங்ஸ்பெட்ராக் என்பார்கள். இது கையில் வராது. மாநிலம் அங்கீகரித்த வீட்டு உதவிச் சேவைக்குத்தான் கட்டலாம். ஒரு ஒப்புதலில் கையெழுத்து வைத்தால் சேவைக்காரரே பிளேகெகாஸ என்கிற பராமரிப்புக் காப்புறுதி நிறுவனத்திடம் நேரடியாக எடுத்துக்கொள்வார்கள், நீங்கள் முன்னுக்குக் கட்டத் தேவையில்லை. எடுக்காத மாதத்துக் காசு சேரும், ஆனால் அடுத்த வருசம் ஜூன் 30 வரைதான். அப்படியான சேவைகள் பெரும்பாலும் மணிக்கு முப்பது யூரோவுக்கு மேல் எடுப்பார்கள். அப்போ மாதத்துக்கு மூன்று, நாலு மணித்தியாலம். உங்களுக்கு அது காணாது.

அடுத்ததுதான் பலருக்குத் தெரியாத விசயம். படி 3 கிடைத்தால் 2025 முதல் மாதம் 599 யூரோ பிளேகெகெல்ட், அதாவது பராமரிப்புப் பணம், உங்கள் கையில் வரும், நீங்கள் பராமரிப்பதற்காக. அதற்குப் பதிலாகப் பராமரிப்பு நிறுவனத்தை எடுப்பதென்றால் 1497 யூரோ வரை காப்புறுதி கட்டும். அந்த 1497 இல் 40 வீதத்தை அங்கீகரித்த வீட்டு உதவிக்கு மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. கணக்கைப் பாருங்கள்: 598.80 யூரோவுக்கு வீட்டு உதவி கிடைக்கும். பிளேகெகெல்டிலும் 40 வீதம் குறையும், அதாவது 239.60 யூரோ. 240 யூரோவை விட்டால் 600 யூரோ பெறுமதியான ஆள் உதவி. மிச்சம் 359.40 கையில் வரும், மேலே சொன்ன 131 உம் தனியாக இருக்கும். மணிக்கு 35 யூரோ என்று வைத்தாலும் மாதம் இருபது மணித்தியாலம், கிழமைக்கு நாலரைக்கு மேல். எங்கள் வீட்டில் நான் இதைக் கண்டுபிடிக்க மூன்று வருசம் எடுத்தது.

ஆளைப் பிடிப்பதுதான் அதன் பிறகு கஷ்டம். சேவைகளில் காத்திருப்புப் பட்டியல் நீளம், அதை மறைக்க மாட்டேன். பிளேகெகாஸ தங்கள் பகுதியின் அங்கீகரித்த சேவைப் பட்டியலை இலவசமாகத் தரும். நாலைந்து இடத்தில் ஒரே நாளில் பெயரைப் பதியுங்கள். எங்கள் நோர்த்ரைன்-வெஸ்ட்ஃபாலன் போன்ற மாநிலங்களில் அயலவர் உதவி என்று ஒரு வழியும் இருக்கிறது. தெரிந்த ஒரு அக்காவோ பக்கத்து வீட்டுக்காரரோ உதவி செய்து அந்த 131 யூரோவிலிருந்து பெறலாம். ஒரே வீட்டில் இருப்பவராகவோ பெற்றோர், பிள்ளை, பேரப்பிள்ளை, சகோதரம் போன்ற நெருங்கிய சொந்தமாகவோ இருக்கக்கூடாது. விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இப்போது எங்களிடம் வருகிறவர் மூன்றாம் மாடியில் இருக்கிற ஒரு போலந்துக்காரி. முதல் நாள் நான் அவருக்குப் பின்னால் பின்னால் போய் எல்லாவற்றையும் நானே செய்யப் பார்த்தேன். என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு, மனுசனுக்குப் பக்கத்தில் கதிரையைக் காட்டினார். நான் போய் இருந்தேன். பகலில் நாங்கள் இரண்டு பேரும் சும்மா பக்கத்தில் இருந்து எவ்வளவு காலம் என்று அப்போதுதான் உறைத்தது.

பிளேகெகெல்ட் உங்கள் விருப்பப்படி செலவழிக்கிற காசு. அதால் மணிக்கு ஒருவரை வைக்கலாம், ஆனால் அந்தப் பதிவில்லாத 20 யூரோ வேலைக்கு ஓம் சொல்லாதீர்கள். ஏணியிலிருந்து அவர் விழுந்தால் மருத்துவச் செலவு உங்கள் தலையில் வரலாம். மினிஜொப், அதாவது சட்டப்படி பதிகிற சிறு வேலை, என்று பதிவது ஒரு பக்கப் படிவம்தான். மாதம் 603 யூரோ வரை, அது 2026 இன் எல்லை. ஏறத்தாழ 15 வீதம் மேலதிகமாக நீங்கள் கட்டுவீர்கள், விபத்துக் காப்புறுதியும் அதற்குள் வந்துவிடும். குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 13.90, அதற்குக் கீழே கேட்காதீர்கள். எங்கள் ஆட்களே எத்தனை பேர் அப்படிக் குறைந்த கூலிக்கு மாடிப்படி துடைத்தவர்கள்.

நீங்கள் ஜேர்மன் வகுப்புக்குப் போகவோ, டொக்டரிடம் போகவோ யாராவது கணவருடன் இருக்க வேண்டுமென்றால் அதற்கு வேறு ஒரு பணம் இருக்கிறது: உங்களுக்குப் பதிலாக ஒருவர் பார்க்கிற பதில் பராமரிப்பும், கொஞ்ச நாளைக்குப் பராமரிப்பு இல்லத்தில் விடுகிற குறுகிய காலப் பராமரிப்பும் சேர்த்து வருசத்துக்கு 3539 யூரோ, படி 2 இலிருந்து. ஒரு நாளில் எட்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக எடுத்தால் பிளேகெகெல்ட் குறையாது. கையுறை, பாவித்து எறிகிற படுக்கை விரிப்புப் போன்றவைக்கு மாதம் 42 யூரோ வரை. குளியலறை மாற்ற 4180 யூரோ வரை, வேலை தொடங்க முன்னர் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

உங்களுக்கும் ஒன்று. கிழமைக்குப் பத்து மணித்தியாலமாவது, இரண்டு நாளுக்குக் குறையாமல் நீங்கள் அவரைப் பராமரித்து, வெளி வேலை முப்பது மணித்தியாலத்துக்கு மேல் இல்லையென்றால், படி 2 இலிருந்து உங்கள் பெயரில் ஓய்வூதியத்துக்கு அவர்கள் கட்டுவார்கள். அதற்கான கேள்விப் படிவத்தைத் தவறாமல் நிரப்புங்கள். நீங்களே ஆஸ்பத்திரியில் படுத்தால், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை இருப்பதாலும் வீட்டில் வேறு யாரும் பார்க்க முடியாததாலும், உங்கள் மருத்துவக் காப்புறுதி வீட்டு உதவியாளருக்குக் கட்டும். நாளுக்கு ஐந்திலிருந்து பத்து யூரோதான் உங்கள் பங்கு.

விண்ணப்பித்த மாதத்திலிருந்துதான் காசு கணக்கிடுவார்கள், அதனால் இந்த மாதம் முடிய முன்னர் கணவரின் கிராங்கன்காஸவுக்கு, அதாவது மருத்துவக் காப்புறுதிக்கு, அழையுங்கள். பிளேகெகாஸவும் அவர்களிடம்தான் இருக்கிறது. படிவம் பிறகு வரும், அழைப்பே விண்ணப்பமாக எடுபடும். முடிவு 25 வேலை நாளுக்குள் வர வேண்டும். மொழி பயமாக இருந்தால் இந்த ஒரு வசனத்தைத் துண்டில் எழுதி வைத்து வாசியுங்கள்: "இஷ் மொஷ்டெ ஃபூர் மைனன் மான் பிளேகெலைஸ்டுங்கன் பெஆன்ட்ராகன்." என் கணவருக்குப் பராமரிப்பு உதவிக்கு விண்ணப்பிக்கிறேன் என்று அர்த்தம். சொல்லிவிட்டு, மறுமுனையில் கதைத்தவரின் பெயரையும் அன்றைய தேதியையும் அதே துண்டில் குறித்து வையுங்கள்.