பத்து நிமிடத்தில் ஒரு வரலாறு

கேள்வி: பால்புதுமையினரின் (LGBTQ+ சமூகத்தினரின்) வரலாற்றைக் கொண்டாடக் குறும்படங்கள் எதற்கு? முழுநீளப் படங்கள் போதாவா?

பதில்: போதா என்பதே என் கருத்து. முழுநீளப் படத்துக்கான பெருமுதல் எட்டாத காலத்தில், கையடக்கமான சூப்பர் 8 என்னும் சிறு ஃபிலிம் கேமராவே இச்சமூகத்தினர் பலருக்குத் தம் வாழ்வைத் தாமே பதிவுசெய்யும் வாய்ப்பை அளித்தது. 1977இல் சான் பிரான்சிஸ்கோவில் அத்தகைய சிறு படங்களைத் திரையிட்டதிலிருந்துதான் பால்புதுமையினருக்கான இன்றைய ஃபிரேம்லைன் திரைப்பட விழா வளர்ந்தது. 1933இல் பெர்லினில், பால்புதுமையினரின் உரிமைக்காகப் போராடிய மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் பாலியல் ஆய்வு நிறுவனத்தை நாஜிகள் சூறையாடி, அதன் நூல்களைத் தீயிலிட்டதை நினைத்துப் பார்த்தால், ஒரு முதியவர் தம் இளமைக்காலக் காதலைப் பத்து நிமிடம் பேசும் படம்கூட எத்தனை அரிய ஆவணம் என்பது விளங்கும். இத்தகைய படத்தை நீங்கள் திரையிடும்போது, இயலுமானால் அதில் பேசும் முதியவரையும் அழைத்து, திரையிடல் முடிந்ததும் இளையோர் அவரிடம் கேள்வி கேட்கத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள்.