டிஸ்னி வேர்ல்டு போகிறோம். டைனிங் பிளான் முன்கூட்டியே வாங்குவது லாபமா?

கேள்வி: ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் நான்கு இரவு, ஐந்து நாள். நாங்கள் இருவர், 12 வயது மகன், 7 வயது மகள். ஹோட்டல் புக் செய்யும்போது டைனிங் பிளானையும் (சாப்பாட்டுக்கு முன்பே மொத்தமாகப் பணம் கட்டிவிடும் திட்டம்) சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: கேரக்டர் பஃபே என்று சொல்லும் விருந்துகளை (மிக்கி, டொனால்ட் வேடத்தில் வருபவர்கள் மேஜை மேஜையாக வந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்வார்கள்) நாளுக்கு ஒன்று சாப்பிடுவதாக இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் வேண்டாம். கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

2020-ல் கொரோனாவோடு நின்றுபோன இந்தத் திட்டம் 2024 ஜனவரி 9-ல் திரும்ப வந்தது. டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் தங்குபவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். இரண்டு வகை உண்டு. குயிக் சர்வீஸ் பிளானில் ஓர் இரவுக்கு ஆளுக்கு இரண்டு கவுண்டர் சாப்பாடு, ஒரு ஸ்நாக். டிஸ்னி டைனிங் பிளானில் ஒரு கவுண்டர் சாப்பாடு, உட்கார்ந்து பரிமாறச் செய்து சாப்பிடும் டேபிள் சர்வீஸ் ஒன்று, ஒரு ஸ்நாக். இரண்டிலும் பயணம் முழுவதற்கும் ஆளுக்கு ஒரு ரீஃபில் மக் (ஹோட்டலில் பானத்தைத் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் குவளை).

2024-ல் அறிவித்த விலை: குயிக் சர்வீஸ் ஓர் இரவுக்குப் பெரியவருக்கு 57.01 டாலர், 3 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு 23.83. டைனிங் பிளான் பெரியவருக்கு 94.28, பிள்ளைக்கு 29.69. வரி இதிலேயே அடக்கம். அதன்பின் விலை ஏறியிருக்கிறது. உங்கள் தேதிக்குரிய எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் கவனிக்க வேண்டியது 12 வயது. டிஸ்னி கணக்கில் 10 வயது நிரம்பினாலே பெரியவர். ஆக உங்கள் வீட்டில் மூன்று பெரியவர், ஒரு குழந்தை. குயிக் சர்வீஸ் என்றால் இரவுக்கு 194.86, நான்கு இரவுக்கு 779.44 டாலர். டைனிங் பிளான் என்றால் இரவுக்கு 312.53, நான்கு இரவுக்கு 1,250.12 டாலர். ஒரே புக்கிங்கில் 3 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஒரே திட்டத்தில், தங்கும் எல்லா இரவுக்கும் சேர வேண்டும். "பையனுக்கு மட்டும் வேண்டாம்" என்று சொல்ல முடியாது. தாத்தா பாட்டியும் வருகிறார்கள், அவர்களுக்குத் தனி அறை என்றால், அதைத் தனி புக்கிங்காக வைத்து அவர்களைத் திட்டத்துக்கு வெளியே விடலாம். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திட்டமே கிடையாது. பஃபேயிலும் அதற்குக் காசு வாங்க மாட்டார்கள்.

இனி குயிக் சர்வீஸைப் பிரித்துப் பார்ப்போம். மக் தனியாக வாங்கினால் சுமார் 22 டாலர், நான்கு இரவுக்குப் பிரித்தால் நாளுக்கு ஐந்தரை. ஸ்நாக் வரியோடு ஒரு 7 டாலர். இரண்டையும் 57.01-ல் கழித்தால் மீதி நாற்பத்து நாலரை. ஆக ஒரு கவுண்டர் சாப்பாடு வரியோடு 22 டாலருக்கு மேல் வந்தால்தான் போட்ட காசு திரும்பும். அங்கே வரி 6.5 சதவீதம், அப்படியானால் மெனு விலையில் கிட்டத்தட்ட 21. பர்கரும் ஃப்ரைஸும் 12 முதல் 15 டாலர், சோடா 5 டாலர், சேர்த்தால் 17 முதல் 20. கவுண்டர் சாப்பாட்டில் இனிப்பு சேராது, ஒரு உணவும் ஒரு பானமும் மட்டும். 21 வயதுக்கு மேற்பட்டவர் அந்தப் பானத்தை பீராக எடுத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். மது தொடாதவருக்கு நாளுக்குச் சில டாலர் நஷ்டம் உறுதி. திட்டத்தின் விலையில் மது அருந்துபவரின் பானமும் கலந்திருக்கிறது. குடிக்காதவரும், குடிக்கும் வயது வராத உங்கள் மகனும் அதற்கும் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள். பெரியவர் விலையில் மிகக் குறைவாகத் திரும்ப எடுப்பவர்கள் 10 முதல் 20 வயதுக்காரர்கள்தான்.

பெரிய திட்டத்துக்கு வருவோம். 94.28-ல் மக், ஸ்நாக், ஒரு கவுண்டர் சாப்பாடு ஆகியவற்றைக் கழித்தால் டேபிள் சர்வீஸுக்கு வரியோடு 62 டாலர் நிற்கிறது, மெனு விலையில் 58. திட்டத்தில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஸ்நாக்குக்கும் ஒரு கிரெடிட், அதாவது டோக்கன் போன்ற ஒன்று, கழியும். ஒரு டேபிள் சர்வீஸ் கிரெடிட்டில் ஒரு முதன்மை உணவு, ஒரு இனிப்பு, ஒரு பானம் வரும். சூப், சாலட் போன்ற தொடக்க உணவு சேராது. சாதாரண உணவகத்தில் 27 டாலர் உணவு, 11 டாலர் இனிப்பு, 5 டாலர் சோடா என்று வைத்தால் 43. பதினைந்து டாலர் குறைகிறது. கேரக்டர் பஃபேயில் இரவு உணவே பெரியவருக்கு 60 டாலருக்கு மேல், குழந்தைக்கு 40 டாலர் அளவில். அங்கும் அதே ஒரு கிரெடிட்தான். குழந்தையின் திட்டம் நாளுக்கு 29.69 என்பதை நினைவில் வையுங்கள். ஒரே பஃபேயில் முழு நாள் காசும் திரும்பி, மேலே 10 டாலரும் வந்துவிடுகிறது. 3 முதல் 9 வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இந்தத் திட்டம் இனிப்பதற்குக் காரணம் இதுதான். 2026-ம் ஆண்டுக்குப் பெரியவர்கள் திட்டம் வாங்கினால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இலவசம் என்றும் டிஸ்னி அறிவித்தது. உங்கள் தேதி அதில் அடங்கினால் கீழே போடும் கணக்கில் சுமார் 119 டாலரைக் கழித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நால்வருக்கு நான்கு நாள் கணக்கு. பஃபே பெரியவருக்கு 65, குழந்தைக்கு 42, சாதாரண டேபிள் சாப்பாடு 43, குழந்தைக்கு 16, கவுண்டர் 19, குழந்தைக்கு 10, ஸ்நாக் ஆறரை, மக் 22 என்று தோராயமாக வைத்து, எல்லாவற்றுக்கும் வரி சேர்த்தேன். இரண்டு நாள் கேரக்டர் பஃபே, இரண்டு நாள் சாதாரண உணவகம் என்றால் ரொக்கத்தில் 1,304 டாலர் ஆகும். திட்டம் 1,250. ஐம்பது டாலர் லாபம் போலத் தெரியும். ஆனால் காசு கொடுத்துச் சாப்பிட்டால் நால்வரும் ஆளுக்கொரு மக் வாங்குவீர்களா? வயிறு நிறைந்த பிறகு பெரியவர்கள் மூவரும் தலைக்கு 11 டாலர் இனிப்பு சொல்வீர்களா? மக்கையும் அந்த இனிப்பையும் எடுத்துவிட்டால் ரொக்கச் செலவு 1,140-க்கு இறங்குகிறது, திட்டத்தில் 110 டாலர் நஷ்டம். நான்கு நாளும் கேரக்டர் பஃபே என்றால் ரொக்கம் 1,500-ஐத் தொடும், மக்கைக் கழித்தாலும் திட்டத்தில் 150 டாலருக்கு மேல் மிச்சம்.

"எங்களுக்கு முந்நூறு டாலர் மிச்சமாச்சு" என்று சொல்லும் பலர் தாங்களாக வாங்கியிருக்கவே மாட்டாத பொருளின் விலையையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். நீங்கள் கணக்குப் போடும்போது கிடைத்ததை எழுதாதீர்கள், காசு கொடுத்தால் எதை வாங்கியிருப்பீர்களோ அதை மட்டும் எழுதுங்கள்.

சைவம் சாப்பிடும் வீடு என்றால் கணக்கு இன்னும் இறுகும். சைவ உணவின் விலை பெரும்பாலும் மெனுவின் கீழ்ப்பாதியில் இருக்கும். ஸ்டேக் எடுப்பவருக்கும் டோஃபு எடுப்பவருக்கும் போவது அதே ஒரு கிரெடிட். பஃபேயில் கேட்கவே வேண்டாம், எதைத் தின்றாலும் ஒரே விலை. உணவு கிடைக்குமா என்ற பயம் மட்டும் வேண்டாம். முழுத் தாவர உணவுகளுக்கு மெனுவில் இலைக் குறி போட்டிருப்பார்கள். அனிமல் கிங்டம் பார்க்கில் சட்டுலி கேன்டீன் என்ற கவுண்டரில் டோஃபு கிண்ணம் உண்டு. டஸ்கர் ஹவுஸ் பஃபே ஆப்பிரிக்க, இந்தியச் சாயல் உள்ளது, டொனால்டும் வருவார். அனிமல் கிங்டம் லாட்ஜில் இருக்கும் சனா உணவகத்தில் மசாலா வாசனையே நம் பக்கம்தான். அதோடு, டிஸ்னி பார்க்குக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரம், உதிரி ஐஸ், மது போன்றவை கூடாது. காலையில் கட்டிக்கொண்டுபோன எலுமிச்சைச் சாதம் மதியச் சாப்பாட்டை முடித்துவிடும் வீட்டுக்கு எந்தத் திட்டமும் லாபம் தராது.

கணக்கில் மறந்துபோகும் செலவு டிப்ஸ். திட்டத்தில் அது சேராது. டேபிள் சர்வீஸில் மெனு விலைக்கு 18 முதல் 20 சதவீதம் கையிலிருந்து போகும், ஆறு பேரோ அதற்கு மேலோ போனால் 18 சதவீதத்தை அவர்களே பில்லில் ஏற்றிவிடுவார்கள். நால்வர் பஃபே 237 டாலர் என்றால் டிப்ஸே 43 முதல் 47. ரொக்கமாகச் சாப்பிட்டாலும் இதே டிப்ஸ்தான் என்பதால் ஒப்பீடு மாறாது. ஆனால் "எல்லாம் கட்டியாச்சு" என்று நினைத்துப் போகிறவர்கள் முதல் நாளிலேயே விழிப்பது இங்கேதான்.

இன்னொரு குழப்பம் இரவும் நாளும். ஐந்து நாள் சுற்றினாலும் நான்கு இரவுக்குரிய கிரெடிட்தான் வரும். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் இதில் ஓடாது, காலை உணவுக்குத் தனியாக ஏதாவது வைத்துக்கொள்ள வேண்டும். ஹோட்டல் அறையில் சின்ன ஃப்ரிட்ஜ் இருக்கும். பாலும் சீரியலும் பழமும் வைத்துக்கொண்டால் போதும்.

வாங்குவது என்று முடிவெடுத்தால், திட்டத்தை விட முன்பதிவு முக்கியம். செக்-இன் தேதிக்கு 60 நாள் முன்பு, கிழக்கு அமெரிக்க நேரம் காலை 6 மணிவாக்கில் உட்கார்ந்து, தங்கும் எல்லா நாளுக்கும் (10 நாள் வரை) ஒரே மூச்சில் புக் செய்யலாம். ஷெஃப் மிக்கீஸ், டஸ்கர் ஹவுஸ், மேஜிக் கிங்டம் பார்க்கில் கிரிஸ்டல் பேலஸ், எப்காட் பார்க்கில் கார்டன் கிரில் இவையெல்லாம் ஒரு கிரெடிட் இடங்கள். காலை உணவு விலை குறைவு, கிரெடிட் அதே ஒன்று. அதனால் இரவு உணவுக்கே வையுங்கள். சின்ட்ரெல்லா கோட்டைக்குள் இருக்கும் ராயல் டேபிள், கலிஃபோர்னியா கிரில், லு செலியே போன்றவை இரண்டு கிரெடிட் விழுங்கும். ரொக்க விலையைப் பார்த்தால் பெரும்பாலும் அது இரண்டு பஃபேக்கு ஈடாகாது, அங்கே போக ஆசையிருந்தால் காசு கொடுத்துப் போங்கள். வராமல் விட்டாலோ கடைசி நேரத்தில் ரத்து செய்தாலோ பெரும்பாலான இடங்களில் தலைக்கு 10 டாலர் அபராதம். பஃபே ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் போகும் என்பதையும் நாள் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முன்பதிவு கிடைக்காமல் போனவர்கள்தான் 58 டாலர் கிரெடிட்டை 40 டாலர் சாப்பாட்டில் தீர்க்கிறார்கள். அந்த 60-வது நாள் உங்களுக்கு ஏற்கெனவே கடந்துவிட்டது என்றால், முதலில் ஆப்பில் இடம் இருக்கிறதா என்று தேடிவிட்டு, அதற்குப் பிறகே திட்டத்துக்குப் பணம் கட்டுங்கள்.

"இலவச டைனிங் பிளான்" சலுகை வந்தால் உடனே அமுக்காதீர்கள். அதை எடுத்தால் அறை வாடகைத் தள்ளுபடி போய்விடும். மலிவான ஹோட்டலில் நால்வர் என்றால் இலவசச் சாப்பாடு பெரும்பாலும் ஜெயிக்கும். விலையுயர்ந்த ஹோட்டலில் இருவர் என்றால் வாடகைத் தள்ளுபடி ஜெயிக்கும். இரண்டு வழியிலும் மொத்தத் தொகையைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எல்லாம் முன்பே கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் அதற்குத் திட்டமே தேவையில்லை. அதே 1,250 டாலருக்கு டிஸ்னி கிஃப்ட் கார்டு வாங்குங்கள். டார்கெட் கடையின் சொந்த கார்டு உங்களிடம் இருந்தால் 5 சதவீதம் குறையும், அது 62 டாலர். சாப்பாட்டுக்கு அதையே கொடுங்கள். டிப்ஸும் அதிலேயே போடலாம், மீதியிருந்தால் பொம்மைக் கடையில் செல்லும், நாள் கடந்தாலும் அழியாது. கிரெடிட் அப்படியில்லை. செக்-அவுட் நாள் நள்ளிரவோடு மிச்சமெல்லாம் பூஜ்யம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஸ்நாக் கிரெடிட்டைத் தண்ணீர் பாட்டிலில் வீணாக்க வேண்டாம். எந்தக் கவுண்டரிலும் ஐஸ் தண்ணீர் கேட்டால் இலவசம். எப்காட்டில் உணவுத் திருவிழா நடக்கும் நாளாக இருந்தால் அங்குள்ள கடைகளில் 8, 9 டாலர் தட்டுகள் பலவும் ஸ்நாக் கணக்கில் வரும், சேர்த்து வைத்து அங்கே செலவழியுங்கள். மக்கை ஹோட்டலில் உள்ள நிரப்பு இடங்களில் நிரப்பிக்கொள்ளலாம், பார்க்குக்குள் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். மொபைலில் ஆர்டர் செய்யும்போது பணம் கட்டும் திரையில் டைனிங் பிளான் தேர்வாகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், இல்லையென்றால் கார்டில் பிடித்துவிடும். ரசீதின் அடியில் மிச்ச கிரெடிட் அச்சாகும். மூன்றாம் நாள் இரவு அதைப் படித்துவிட்டால், கடைசி நாள் மதியம் மிச்ச ஸ்நாக்குகளை உறையிட்ட பிஸ்கட்டாகவும் சாக்லேட்டாகவும் மாற்றி ஊருக்கு எடுத்துப் போகலாம்.